ஹோலி முடிந்ததும்

தயா,

எழுத்துக் கூட்டித்தான் நீ தமிழ் படிப்பாய். இந்தக் கடிதத்தை முடிக்க உனக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பிடிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் வைத்துவிடுவாய். இந்தியில் எழுதலாமென்றால் எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. இந்த விஷயத்தில் நான் உன்னிடம் சொன்ன பொய் அத்தனையும் இந்தியில் சொன்னவை. நாக்கு பழகிய வழியிலேயே போய்விடும். நியூசிலாந்தில், டனீடன் வீட்டுச் சமையலறை மேஜையில் உன்னை உட்கார வைத்து அ, ஆ எழுதச் சொல்வேனே, "இந்த பாஷ யாருக்கு மா வேணும், நீயும் நானும் மட்டும்தானே பேசுறோம்" என்று நீ பென்சிலை வீசி எறிந்தாயே, நீயும் நானும் மட்டும் பேசவேண்டிய ஒன்று இப்போது வந்திருக்கிறது. மெதுவாகப் படி. புரியாத சொல்லைத் தாண்டிப் போகாதே. ஒரு சொல்லைச் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் நான் தாண்டிப் போனதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் இப்போது பிஜியில், சுவாவில், சாமாபுலாவில், உன் பப்பா கடைசிவரை இருந்த வாடகை வீட்டில் இருக்கிறேன். வந்து ஐந்து வாரமாகிறது. ஐந்து வாரமும் மழை, இங்கே வேறென்ன. அடுத்த மாதம் அவருடைய முதல் திவசம். அதற்கு வாடா என்று போன வாரம் உன்னைக் கேட்டேன். "அவருக்குத்தான் செடிங்க இருக்கே மா, அதுங்களயே பண்ணச் சொல்லு" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அவர் செத்தபோதும் நீ வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு யோக்கியதை இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், விவரம் பிறகு. உன் பப்பா நம்மை விட்டுவிடவில்லை. நாம் மூன்று பேரும் நாடு விட்டுப் போவதற்கான தாளில் அவருடைய பெயரைக் கோடு போட்டு அடித்தது நான். அவருக்குத் தெரியாமல் அடித்தேன். முப்பது வருஷத்துக்கும் மேலாக நீ அவர்மேல் வைத்திருக்கும் கோபம் தப்பான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவள் நான்.

அவருடைய வேலை உனக்குச் சரியாக நினைவிருக்காது. காட்டிலிருந்து கிளை வெட்டிக்கொண்டு வந்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி எண் போட்டு வைக்கிற ஓர் அறையில் அவருக்கு உத்தியோகம். வருஷத்தில் பாதி நாள் மலையில் இருப்பார். அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த தாவர ஆராய்ச்சிக்காரர் ஒருவர் ஐலெக்ஸ் என்கிற மரத்தைத் தேடிக் கொடுக்கும்படி சொல்லியிருந்தார். உலகமெங்கும் அதில் எத்தனையோ வகை, அதில் ஒன்று நம் நாட்டின் பெயரையே வைத்துக்கொண்டு நம் மலைக்காட்டில் நிற்கிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்காத காலத்தில் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. பெண் மரத்தின் கிளை காயோடு கிடைத்துவிட்டது. ஆண் மரம் பூவோடு வேண்டும் என்று அலைந்தார். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் ஐலெக்ஸ்தான். கேட்டுக் கேட்டு அது எனக்கு ஒரு சக்களத்தியின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அதே மரத்துக்கு ஆங்கிலத்தில் ஹாலி என்று ஒரு சாதாரணப் பெயர் உண்டு என்பதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் அந்தப் பெயருக்குத் தேவையே வரவில்லை.

ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதைக் கூ என்று நாம் சொல்வோமே, அது அந்த ஒரே வருஷத்தில் இரண்டு முறை வந்தது. முதல் கூவுக்குப் பிறகு இந்தியர் கடைகளைத் தாக்கினார்கள், நான் தையல் வேலை பார்த்த கடையின் கண்ணாடியையும் உடைத்தார்கள், முதலாளி ஒரே வாரத்தில் கடையை மூடிவிட்டு சிட்னி போய்விட்டார். பஸ்ஸில் யாரைப் பார்த்தாலும் "எந்த ஊருக்கு எழுதிப் போட்டிருக்கீங்க" என்பதுதான் பேச்சு. நானும் எழுதிப் போட்டேன். நியூசிலாந்திலிருந்து சரியென்று தாள் வந்தது, மூன்று பேர் பெயரிலும். மார்பு எக்ஸ்ரே படம், ரத்தச் சோதனை, எல்லாம் மூன்று பேருக்கும் எடுத்து முடிந்தது. உன் பப்பாவுக்குத்தான் மனசு வரவில்லை. "இன்னாத்துக்கு இந்த அவசரம்? அடுத்த வருஷம் ஹோலி வரைக்கும் பாக்கலாம் தயாம்மா, சத்தம் அடங்கிடும்" என்றார். "ஹோலி வரைக்கும் இருந்தா நம்ம மேலதான் கலர் ஊத்துவானுங்க, செவப்பா" என்றேன். நான் பேசுகிற பேச்சு உனக்குத் தெரியும். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, போலாம். கடசியா ஒரு தடவ மலைக்குப் போயிட்டு வந்துடுறேன், பிளேனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு நாமோசி மலைக்குப் போனார்.

இரண்டாவது கூவும் நடந்து முடிந்திருந்த சமயம் அது. ஊரே விமானத்தில் ஏறப் பார்த்தது. அவர் போன ஐந்தாம் நாள், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் ஆள் அனுப்பினார். நம்முடைய தேதியில் பிளேன் போகாதாம், வருகிற சனிக்கிழமை மூன்று இடம் இருக்கிறதாம், விட்டால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். அந்தத் திங்கட்கிழமையே மலைப் பக்கம் போகிற தபால் லாரிக்காரரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "சனிக்கிழமை பிளேன். உடனே வாருங்கள்." புதன்கிழமை மத்தியானம் அடுத்த வீட்டு சாந்தி பெஹன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். அந்தத் தெருவில் அவள் வீட்டில்தான் போன் இருந்தது. மலையடிவாரத் தபாலாபீஸ் கிளார்க் போனில் ஒரு சேதி சொன்னாராம், உன் பப்பா சொல்லி அனுப்பியதாம். அவள் சொன்ன வார்த்தை எனக்கு இன்றுவரை அப்படியே இருக்கிறது. "தயாகே பப்பா போலிஸ், ஹோலி கதம் ஹோயி தப் ஆயி." நீ சின்ன வயதில் 'போலிஸ்' என்பதைக் கேட்டால் காவல்காரர்கள் வருகிறார்கள் என்று ஒளிந்துகொள்வாய். நம் பிஜி இந்தியில் அது 'சொன்னார்' என்பதுதான். தயாவின் பப்பா சொன்னார், ஹோலி முடிந்ததும் வருவார்.

ஹோலி மார்ச்சில். அதற்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. "ஹோலியா?" என்று கூட நான் அவளிடம் திருப்பிக் கேட்கவில்லை. என் சீட்டுக்கு அவர் அனுப்பிய பதில் இது என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாததை மலைக்குப் போய் ஆள்மேல் ஆளாகச் சொல்லி அனுப்புகிறார் என்று நினைத்தேன். உண்மையில் என் சீட்டு அப்போது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. இன்னும் இரண்டு வாரம் கையில் இருக்கிறது என்ற நினைப்பில், ஹாலி வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று அவர் தானாகச் சொல்லி அனுப்பிய சேதி அது. ஐலெக்ஸ் என்றால் கிளார்க்குக்கு வாயில் நுழையாது என்று சுலபமான பெயரைச் சொல்லியிருக்கிறார். கிளார்க் காதில் அது பண்டிகையாக விழுந்தது. அவரிடமிருந்து சாந்தி பெஹன் காதுக்கு, அங்கிருந்து என் காதுக்கு. மூன்று பேரும் ஹோலி கொண்டாடுகிற ஜாதி. எங்கள் காதுக்கு வேறு எப்படிக் கேட்டிருக்கும்? ஆனால் அவர்கள் இருவரும் கேட்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். மற்றதைச் செய்தது நான்.

மறுநாள் வியாழக்கிழமை, நியூசிலாந்து போகத் தாள் கொடுத்த அலுவலகத்துக்குப் போனேன். வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல மாதிரி. தாளைப் பார்த்துவிட்டு, கணவர் கூட வருகிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னால் வருவதாக இருந்தால் 'பிறகு வருவார்' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம், வருவதே இல்லை என்றால் பெயரை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். அடித்தால் பிறகு அவர் புதிதாக மனுப் போடவேண்டி வரும் என்றும் சொன்னாள். நன்றாகக் கேட்டுக்கொள் தயா, எனக்கு இரண்டு வழியும் சொல்லப்பட்டது. நிதானமாக யோசித்துப் பாருங்கள் என்று பேனாவைக் கொடுத்தாள். நான் யோசிக்கவில்லை. ஹோலி வரைக்கும் இருக்கிறாயா, இருந்துகொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கோடு போட்டேன். ஒரு கோடு போதும், நான் இரண்டு போட்டேன்.

வெள்ளிக்கிழமை, விமான நிலையம் இருக்கிற நாந்திக்குப் பஸ் ஏறினோம். நீ ஜன்னலோரம். வழியில் சிகடோகாவில் பஸ் நின்றபோது வேகவைத்த சோளம் வாங்கிக் கொடுத்தேன், நீ அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாய். "பப்பா நாந்திக்கு வந்துடுவாரா?" என்று கேட்டாய். ஒன்பது வயது. நான் சொன்னது: "நை ஆயி. உஸ்கே பேட் ஜாஸ்தி பியாரா." வரமாட்டார், அவருக்கு மரங்கள்தான் பெரிசு. அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நீ உன் பப்பாவை மனசுக்குள் உருவாக்கிக்கொண்டாய். சோளத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினாய்.

டனீடன் வந்து ஆறு வாரம் கழித்து அவருடைய கடிதம் வந்தது. நாலு வரி. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருந்தது, சாந்தி பெஹன் சொன்னாள், என்ன ஹோலி என்று கேட்டேன், நான் சொன்னது ஹாலி, ஐலெக்ஸின் ஆங்கிலப் பெயர் என்றேன், அவளும் அழுதாள். நாம் பிளேன் ஏறிய மூன்றாம் நாள் அவர் வந்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு அந்தச் சொல் விளங்கியது. கடிதத்தை வைத்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். நீ வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாய். இடம் சீக்கிரம் கிடைத்துவிட்டது, அதனால் கிளம்பவேண்டியதாயிற்று என்று பதில் எழுதினேன். பெயரை அடித்ததை எழுதவில்லை. அவராக அந்த ஜன்னலுக்குப் போய்த் தெரிந்துகொண்டார். தெரிந்த அன்றைக்குப் போன் செய்தார். "நீயா அடிச்ச?" என்றார். "ஆமா" என்றேன். பிறகு, "சரி. பையன் கிட்ட சொல்லாத. அந்த ஊருல அவனுக்கு நீ ஒருத்திதான். நான் வரலைன்னே இருக்கட்டும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. கொடுத்ததை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன், இத்தனை வருஷம்.

புதிதாக இரண்டு தடவை மனுப் போட்டார். மார்புப் படத்தில் நிழல் இருக்கிறதென்று இரண்டு தடவையும் திருப்பிவிட்டார்கள். நாம் சேர்ந்து எடுத்த முதல் படத்தில் அந்த நிழல் இல்லை. நான் திரும்பிப் போயிருக்கலாம் என்று நீ கேட்பாய். போயிருக்கலாம்தான். முதலில் பயம், பிறகு உன் பள்ளிக்கூடம், அப்புறம் மருத்துவமனையில் தரை துடைக்கிற என் வேலை, பிறகு பிஜியில் இன்னொரு கூ. காரணங்களுக்குக் குறைவில்லை. உண்மையான காரணம், அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேடிக்கை என்னவென்றால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. டனீடன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்ற மரம் ஹாலி என்று பக்கத்து வீட்டுக் கிழவி ஒருநாள் சொன்னாள். அந்த ஊர் முழுக்க ஹாலிதான், வேலியெல்லாம் ஹாலிதான். அன்றிலிருந்து மத்தியான நேரங்களில், பாத்திரம் கழுவும்போது, அந்த மரத்துக்கும் வேலிக்கும் நடுவில் அவர் நிற்பார். கையில் கத்தரி, தோளில் கட்டிய செய்தித்தாள் கட்டு. ஆள் உயிரோடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், எனக்குத் தெரியும், ஆனாலும் நிற்பார். உயிரோடு இருக்கிறவர் இப்படி வந்து நிற்பதை யாரிடம் போய்ச் சொல்வது? மார்ச்சில் ஊர் இந்தியர்கள் ஹோலி என்று கூப்பிடுவார்கள், டிசம்பரில் வாழ்த்து அட்டையில் ஹாலி இலை வரும். வருஷத்துக்கு இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

நூலகத்தில் அந்த மரத்தைப் பற்றிய புத்தகங்களை நான் எடுத்து வந்து பார்ப்பதை நீ கிண்டல் செய்வாய். சக்களத்தியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா. தென்னமெரிக்காவில் ஒரு ஹாலியின் இலையைத் தேநீர் மாதிரி குடிக்கிறார்கள். ஜப்பானில் ஒன்று, இலை பொடிப்பொடியாக, வெட்டிவிட்டால் பந்து போல நிற்கும். இன்னொன்று குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியில் சிவப்புப் பழத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். கறுப்புப் பழம் பழுக்கிற வகை உண்டு. நீலகிரி மலைமேல் கூட ஹாலி இருக்கிறதாம். நம் முன்னோர் கரும்புக் கூலிகளாக மதராஸில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் அதைப் பார்த்திருப்பார்களோ என்னவோ, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லா வகையிலும் ஒன்று மட்டும் மாறுவதில்லை, ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். பிஜி வகைக்கு எந்தப் புத்தகத்திலும் ஒன்றிரண்டு வரிக்கு மேல் இல்லை. அந்த வரிகளை விரலால் தடவிப் படித்திருக்கிறேன்.

உனக்குப் பதினேழு வயதில் அவர் மூன்று வாரத்துக்கு வந்தார், பார்வையாளர் விசாவில். அது மட்டும் உனக்கு நன்றாக நினைவிருக்கும். நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் நீ குப்பைத் தொட்டியை வைக்கப் போனபோது அவர் அந்த மரத்தடியில் நின்று பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. "பேட்டா, இங்க பாரு," என்றார். "கீழ் எலயில எல்லாம் முள்ளு. மேல போகப் போக முள்ளே இல்ல. மாடு வாய் வெக்கிற ஒசரம் வரைக்கும்தான் அதுக்கு பயம்." அவர் ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது ஆம்பள மரம். இது காய்க்கவே காய்க்காது. ஆனா தெருவுல இருக்கிற மத்ததெல்லாம் இத நம்பித்தான் காய்க்குது." அப்போது நீ சொன்னாய், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக: "இந்தச் செடிக்காகத்தானே எங்களை விட்டீர்கள்?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு இடம் கொடுத்தாரா, சொல்லாதே என்றாரா, எனக்கு இன்னும் தெரியவில்லை. கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் உன் பக்கம் திரும்பி, "ஆமா பேட்டா" என்றார். நீ தொட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். உன் வாழ்நாளில் நீ என்னை அவ்வளவு இறுக்கமாகக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அது எனக்குச் சேர வேண்டியது இல்லை தயா.

இதையெல்லாம் வைத்துக்கொண்டே நான் செத்துப் போயிருப்பேன், போன வாரம் செமி வராமல் இருந்தால். செமி உன் பப்பாவோடு வேலை பார்த்த பூர்வகுடி பிஜியன், அந்த மலைக் கிராமத்துக்காரர். மரம் ஏறுவது அவர்தான். இப்போது அவருக்கும் எழுபதாகிவிட்டது. துக்கம் கேட்கும் முறைக்கு, அவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யாங்கோனா வேர்க்கட்டை ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து பாயில் எனக்கு முன்னால் வைத்து, தலை குனிந்து பேசினார். பிறகு என்னை அண்ணி முறையில் பௌஜி என்று கூப்பிட்டு, நம் இந்தியில் கதைக்கு வந்தார். "பௌஜி, அந்தச் சனிக்கிழம உங்க சீட்டு வந்தப்ப நான் மரத்து மேல இருந்தேன்" என்றார். பத்து நாள் தேடி அன்று காலையில்தான் ஆண் மரம் கிடைத்திருக்கிறது, உச்சியில் பூவோடு. செமி ஏறிக் கிளையில் கத்தியை வைத்தபோது கிராமத்திலிருந்து ஆள் சீட்டோடு வந்தான். உன் பப்பா படித்துவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். சனிக்கிழமை. பிளேன் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். இறங்கு, வீட்டுக்குப் போகிறேன் என்றார். "ஒரு கிள எடுத்துட்டுப் போலாம், பத்து நிமிஷம்தான்னு சொன்னேன் பௌஜி. பத்து நிமிஷம் இல்ல செமி, இறங்குன்னாரு. வெட்டாமலே இறங்கினேன்." மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஓடக்கூடாது என்று அப்போது உத்தரவு, மழையில் நடந்தே இறங்கினார்கள். திங்கட்கிழமை ராணுவக்காரர்கள் சாலையை மறித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார், பூட்டு தொங்கியது. அடுத்த வருஷம் அந்த மரத்தைத் தேடிப் போனார்களாம். புயலில் விழுந்துவிட்டிருந்தது. வேறொன்று அவர் காலத்தில் கிடைக்கவே இல்லை.

செமி போனபிறகு அவருடைய குறிப்புப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். எடுத்த ஒவ்வொரு கிளைக்கும் வரிசையாக எண் போட்டிருப்பார். அந்தச் சனிக்கிழமையில் ஓர் எண், அதற்கு எதிரே, "ஆண் மரம். பூ உண்டு. எடுக்கவில்லை." கீழே பாதிப் பக்கம் காலி. வேலையை முடித்துவிட்டுத்தான் அவர் இறங்கி வந்தார் என்று நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். சேதியைத் தப்பாகக் கேட்டது என் பிழை, ஆனாலும் ஹாலி முடிந்ததும் வருகிறேன் என்றுதானே அவரும் சொன்னார், முதலில் மரம், பிறகுதானே நாம் என்று எனக்குள் ஒரு மூலையில் அவர்மேலும் கொஞ்சம் குற்றம் வைத்திருந்தேன். அதில் சாய்ந்துகொண்டுதான் தூங்கினேன். இப்போது அதுவும் போயிற்று. மரமா நாமா என்று வந்தபோது அவர் பத்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நீ கேட்ட அன்றைக்கு, "இல்லை பேட்டா, உங்களுக்காகத்தான் இதை விட்டேன்" என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதியில் நான் இல்லை, ஆனாலும் அம்மா என்றால் சொல்லாமல் விடமாட்டாள். யாராவது இன்னொருவர் வாயிலாக உனக்கு ஒரு சேதி அனுப்பினால், அது எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும் திருப்பிக் கேள். கோபத்தில் கையில் பேனா இருந்தால் கீழே வை. உன் வீட்டில் நீயும் உன் மனைவியும் சண்டை போடும்போது அவள் என்ன சொல்வாள் என்று உனக்கே தெரியும் என்று நினைக்கிறாயே, அங்கேதான் ஆபத்து. நானும் அவர் என்ன சொல்வார் என்று தெரிந்தவளாகத்தான் இருந்தேன். எனக்காக யாராவது பழியை ஏற்றுக்கொண்டால் அதை ஒரு நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதையும் இப்போதுதான் கற்றுக்கொண்டேன், எழுபத்திரண்டு வயதில்.

இதைப் படித்து முடித்ததும் நீ என்னோடு பேசாமல் இருப்பாய். இருந்துகொள். அவருக்குக் காட்டிய கோபத்தில் கொஞ்சமும் குறைக்காமல் எனக்குக் காட்டு, நான் தாங்குவேன். தாங்காவிட்டாலும் அது என்னோடது. ஆனால் அவரிடம் நீ பேசவேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு என்னை நடுவில் நிறுத்தாதே. அவர் செத்ததிலிருந்து ஜன்னலுக்கு வெளியே அவர் வந்து நிற்பதில்லை என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. உனக்கு டிக்கெட் எடுத்து வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், எடுக்கவில்லை. உங்கள் இருவருக்கும் சேர்த்து நான் ஒருமுறை முடிவெடுத்தது போதும்.

இன்று காலையில் கோயில் பூசாரி போன் செய்தார். திவசத்துக்கு யார் உட்காருகிறார்கள் என்று புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டுமாம்.

"மகன் வரதில்லன்னு எழுதிக்கட்டுமா மா?" என்றார்.

"எழுதாதீங்க" என்றேன்.

"அவரு வரலைன்னா?"

"வரலைன்னா அன்னிக்குத் தெரியும். முன்னாடியே எழுதாதீங்க."

அம்மா